சொல்லுக்கு இரண்டு ரூபா நியாயமா?

கொழும்பு வெள்ளவத்தையில் சின்னதாக ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனம் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நகைக்கடை, பல் வைத்தியர், சுற்றுலா நிறுவனம் என்று ஏழெட்டு வாடிக்கையாளர்கள். அவர்களுடைய இணையத்தளங்களுக்கு வலைப்பதிவு எழுத வெளியில் நாலு பேர் வைத்திருக்கிறார். இரண்டு பேர் கொழும்பில், ஒருவர் யாழ்ப்பாணத்தில், ஒருவர் மட்டக்களப்பில். தமிழுக்குச் சொல்லுக்கு 2 ரூபா, ஆங்கிலத்துக்கு 4 ரூபா. வாடிக்கையாளரிடம் கட்டுரைக்கு 5,000 ரூபா வாங்குகிறார். போன மாதம், நாலு பேரில் நன்றாக எழுதக்கூடிய பிள்ளை "எனக்குக் கட்டுப்படியாகாது அண்ணா" என்று விலகிவிட்டாராம். எவ்வளவு கொடுத்தால் நியாயம், ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாமா என்பதுதான் அவருடைய கேள்வி.

முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன் தம்பி. 2 ரூபா நியாயம் இல்லை. அதை 3 ஆக்கினாலும் நியாயம் வந்துவிடாது, ஏனென்றால் சொல்லை எண்ணிக் காசு கொடுப்பதே தமிழுக்குப் பொருந்தாத அளவுகோல். நான் பத்துப் பன்னிரண்டு வருடம் எழுதிக் காசு வாங்கியவன். இப்போது எழுதுவித்துக் காசு கொடுக்கிறேன். இரண்டு பக்கத்திலும் நின்று பிழை விட்டவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல் கணக்கு ஆங்கிலத்திலிருந்து வந்தது. அங்கே வேற்றுமை, உதவி வினை எல்லாம் தனித்தனியாக நிற்கும், எண்ணுவது சுலபம். தமிழில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். "வீட்டுக்காரர்களிடமிருந்தும்" என்று எழுதினால் கணினிக்கு அது ஒரு சொல். அதையே ஆங்கிலத்தில் சொல்ல ஐந்து சொல்லாவது வேண்டும். ஆங்கிலத்தில் 1,000 சொல் பிடிக்கும் விஷயம் தமிழில் பெரும்பாலும் 700க்கு அக்கம்பக்கத்தில்தான் வந்து நிற்கும். ஒரே விஷயம், ஒரே உழைப்பு. உங்கள் கணக்கில் ஆங்கிலத்தில் எழுதியவருக்கு 4,000 ரூபா, தமிழில் எழுதியவருக்கு 1,400 ரூபா. தமிழுக்கு அரைவாசி கொடுப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதும் ஒரு தங்கச்சியின் கட்டுரைகளை நான் கொஞ்சக் காலம் திருத்திக்கொண்டிருந்தேன். நல்ல கை. ஆனால் வாக்கியங்கள் எல்லாம் பல் விழுந்த வாய்போல இடைவெளியாக இருக்கும். "மழை பெய்து கொண்டு இருக்கின்ற படியால்" என்று எழுதுவார். நான் "மழை பெய்துகொண்டிருக்கின்றபடியால்" என்று சேர்த்துவிடுவேன். இப்படி ஒரு மாதம் போனது. ஒருநாள் மெதுவாகக் கேட்டார்: "அண்ணா, நீங்கள் சேர்க்கச் சேர்க்க எனக்குக் காசு குறையுது. தெரிந்துதான் செய்கிறீர்களா?" எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஐந்து சொல் இரண்டாகிறது. சொல்லுக்கு 2 ரூபா என்றால் 10 ரூபா 4 ரூபாவாகிறது. இலக்கணம் தெரிந்த எழுத்தாளருக்குக் குறைவாகவும், இடைவெளி விட்டு எழுதுபவருக்குக் கூடவும் காசு கொடுக்கும் முறை அது. அன்றைக்கே அதை விட்டேன்.

அப்படியென்றால் எழுத்தை எண்ணலாமே என்பீர்கள். ஜெர்மனியில் மொழிபெயர்ப்பாளர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், இடைவெளியும் சேர்த்து 55 தட்டல் ஒரு வரி என்று வைத்து வரிக்குக் காசு. ஒட்டிக்கொள்ளும் நீளச் சொற்கள் அவர்களிடமும் உண்டு, அதனால் அந்த வழி. எங்களுக்கு அதிலும் ஒரு இடைஞ்சல். "கொ" என்பதை நீங்களும் நானும் ஒரு எழுத்து என்போம். யூனிகோடில் அது இரண்டு குறி. பழைய பாமினி எழுத்துருவில் மூன்று தட்டல். இன்னும் பாமினியில் எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அதை மாற்றிய பிறகு எண்ணிக்கையே வேறு. ஒரே ஆள், ஒரே செயலி, ஒரே எழுத்துரு என்றால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். விலை வைக்க உதவாது.

சரி, எதை எண்ணுவது? நேரத்தை. காசைக் கட்டுரைக்கு இவ்வளவு என்றுதான் பேசவேண்டும், ஆனால் அந்தத் தொகை மணித்தியாலத்திலிருந்து வரவேண்டும். இதை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். போடுவோம்.

உங்களுக்கு எழுதும் பிள்ளையை அலுவலகத்தில் நிரந்தரமாக வைத்திருந்தால் மாதம் 90,000 ரூபா கொடுப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குச் சரியென்று படும் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான். அந்த 90,000க்கு மேல் முதலாளியாக நீங்கள் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் கட்டவேண்டும். ஆக 103,500. வருடத்துக்கு 1,242,000. இப்போது அந்தப் பிள்ளை வீட்டிலிருந்து எழுதுகிறார். மடிக்கணினி அவருடையது, 240,000க்கு வாங்கி நாலு வருடம் ஓடினால் வருடத்துக்கு 60,000. இணைய இணைப்பு மாதம் 4,000 என்றால் 48,000. கரன்ட் பில்லில் வேலைக்கான பங்கு 30,000. அலுவலகம் கொடுக்கக்கூடிய மருத்துவக் காப்புறுதியைத் தானே எடுத்தால் ஒரு 40,000. மொத்தம் 178,000. கூட்டினால் 1,420,000. ஐந்து வருடம் வேலைசெய்தவருக்குச் சட்டப்படி வரக்கூடிய பணிக்கொடையை நான் இதில் சேர்க்கவேயில்லை.

இனி நேரம். வருடத்தில் 52 கிழமை. அலுவலக ஊழியருக்கு 14 நாள் வருடாந்த விடுமுறை, 7 நாள் அமய விடுமுறை, போயா, பொங்கல், தீபாவளி எல்லாம் உண்டு. எழுதுபவருக்கும் காய்ச்சல் வரும், வீட்டில் கலியாணம் வரும். 46 கிழமை வேலை என்று வைப்போம். கிழமைக்கு 40 மணித்தியாலம் மேசையில் இருந்தாலும் அதில் காசாகிற நேரம் 24தான். மீதி நேரம் வேலை தேடுவதிலும், "அண்ணா அந்தக் கட்டுரை பார்த்தீங்களா" என்று வட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருப்பதிலும், பில் அனுப்புவதிலும், அந்த பில்லை நினைவூட்டுவதிலும் போகும். இந்த 24 என்பது என் சொந்த அனுபவம். சிலருக்கு 20கூட வராது. 46ஐ 24ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 1,104 மணித்தியாலம்.

1,420,000ஐ 1,104ஆல் பிரியுங்கள். 1,286 வரும். 1,300 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணித்தியாலத்துக்கு 1,300 ரூபா என்றதும் பெரும்பாலானவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நானும் முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது கல்குலேட்டரில் பிழை என்றுதான் நினைத்தேன். ஆனால் இது பெரிய சம்பளக்காரரின் கணக்கு இல்லை, மாதம் 90,000 எடுக்கும் ஒரு சாதாரண ஊழியரின் கணக்கு. இப்போதுதான் எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு 60,000 அடிச்சம்பளம் என்று வைத்து இதே வழியில் போட்டால் 900க்குக் கிட்ட வரும். வங்கி, காப்புறுதி, மருத்துவம் என்று துறை தெரிந்து எழுதும் ஒருவருக்கு 150,000 என்று வைத்தால் 2,000க்குச் சற்று மேலே.

இனி உங்கள் 700 சொல் கட்டுரைக்கு எவ்வளவு நேரம்? நகைக்கடைக்கு 22 கரட், 24 கரட் வித்தியாசம் என்று ஒரு கட்டுரை கேட்கிறீர்கள் என்று வைப்போம். வாசித்து, கடைக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசி விஷயம் எடுக்க 2 மணித்தியாலம். எழுத இரண்டரை. திரும்ப வாசித்துத் திருத்த 1. தலைப்பு, தேடலில் தெரியும் இரண்டு வரிக் குறிப்பு, படத்துக்கான வரி, தளத்தில் ஏற்றுவது எல்லாம் அரை. மொத்தம் 6. ஆறு 1,300 என்றால் 7,800 ரூபா.

நீங்கள் கொடுப்பது 1,400. மணித்தியாலத்துக்கு 233 ரூபா. மேலே பார்த்த 1,104 மணித்தியாலத்தை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதத்துக்கு 92, அதில் இப்படி 15 கட்டுரை எழுதலாம். 21,000 ரூபா. அதிலிருந்து இணையம், கரன்ட், கணினி, காப்புறுதி என்று மாதம் 14,800 கழித்தால் கையில் மிஞ்சுவது 6,200. இந்த நாட்டின் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும், 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் ஆக்கப்பட்டது. அந்தப் பிள்ளை விலகியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மற்ற மூன்று பேர் ஏன் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். அனேகமாக அவர்கள் ஆறு மணித்தியாலம் செலவழிப்பதில்லை. வேறு தளத்தில் இருப்பதை எடுத்துச் சொல்லை மாற்றி ஒன்றரை மணித்தியாலத்தில் தள்ளிவிடுகிறார்கள். காசுக்கேற்ற தோசை. உங்கள் வாடிக்கையாளர் அதைக் கண்டுபிடிக்கும் நாளில் பழி எழுதியவர் மேல் விழும்.

"வாடிக்கையாளர் தருவதே 5,000, நான் எப்படி 7,800 கொடுப்பது?" இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். கொடுக்க முடியாதுதான். ஆனால் 5,000இல் 1,400 மட்டும் எழுதுபவருக்குப் போவதற்கும் அதற்கும் இடையில் நிறைய இடம் இருக்கிறது. நீங்கள் ஓடித்திரிகிறீர்கள், வாடிக்கையாளரின் திட்டு வாங்குகிறீர்கள், பிழை பார்க்கிறீர்கள். அதற்கு 1,500 எடுத்துக்கொள்ளுங்கள். மீதி 3,500. அது 1,300 கணக்கில் 2 மணித்தியாலம் 40 நிமிட வேலை. ஆகவே அந்த நேரத்துக்குள் முடியக்கூடிய கட்டுரையைக் கேளுங்கள்: 350 சொல், விஷயத்தை நீங்களே வாடிக்கையாளரிடம் வாங்கிக் குரல் பதிவாக அனுப்புங்கள், படம் உங்கள் வேலை, தளத்தில் ஏற்றுவதும் உங்கள் வேலை. என்னைக் கேட்டால் நியாயம் என்பது இங்கேதான் இருக்கிறது. காசைக் கூட்ட முடியாத இடத்தில் வேலையைக் குறைக்கலாம். இரண்டையும் செய்யாமல் "எக்ஸ்போஷர் கிடைக்கும், நாலு பேருக்குத் தெரியவரும்" என்று சொல்வதைத்தான் தவிர்க்கவேண்டும். எக்ஸ்போஷரைக் கொண்டுபோய் எந்தக் கடையில் அரிசி வாங்குவது?

700 சொல்தான் வேண்டும், நீளமாக இருந்தால்தான் கூகுளில் மேலே வரும் என்று வாடிக்கையாளர் அடம்பிடித்தால், அதற்கு 11,000 அல்லது 12,000 என்று விலை சொல்லிப் பாருங்கள். ஒருவர் போவார், ஒருவர் ஒப்புக்கொள்வார். இன்னொருவர், மாதம் நாலு கட்டுரைக்குப் பதில் இரண்டு போதும் என்பார். அந்த இரண்டு நல்ல கட்டுரை, நாலு ஒப்புக்கு எழுதியதைவிட அவருக்கு அதிக வேலைசெய்யும். செட்டியார் தெரு நகைக்கடைக்காரருக்கு இது புதிய பாடம் இல்லை. செய்கூலி வேறு, சேதாரம் வேறு என்று அவர்தான் உங்களுக்குப் பில் போட்டுத் தருவார். எழுத்துக்கும் செய்கூலி உண்டு என்று சொன்னால் அவருக்கு விளங்கும். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒருவர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

எல்லாக் கட்டுரைக்கும் ஒரே தொகையும் வைக்காதீர்கள். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் எங்கே தங்கலாம் என்பதை அந்த ஊர்க்காரர் மூன்று மணித்தியாலத்தில் எழுதிவிடுவார். பல் வேர்ச் சிகிச்சை பற்றி எழுதினால் வைத்தியர் பார்த்துத் திருத்தவேண்டும், அது திரும்பிவந்து மறுபடி எழுதவேண்டும். ஒரு பிழை போனால் ஒருவருடைய பல் போகும். நேர்காணல் என்றால் போக்குவரத்துச் செலவு தனி. ஒரு மணித்தியால ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தில் எடுக்க நாலு மணித்தியாலமாவது வேண்டும், கதைப்பவர் வேகமாகக் கதைத்தால் இன்னும் கூட. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழாக்குவதை "சும்மா மாற்றுவதுதானே" என்று குறைத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் ஒரு காப்புறுதிப் பத்திரத்தின் ஒரு பக்கத்தைத் தமிழாக்கிப் பார்க்கட்டும்.

இன்னொன்று, எழுதுபவரின் பெயர் வருகிறதா இல்லையா. பெயர் வந்தால் அடுத்த வேலைக்குக் காட்ட அவருக்கு ஒன்று இருக்கிறது. பல் வைத்தியரின் பெயரில் வருகிறதென்றால் எழுதியவர் அதைத் தன்னுடையது என்று எங்கேயும் சொல்ல முடியாது. நான் அதற்கு 25 வீதம் கூட்டிக் கொடுக்கிறேன். இது எங்கேயும் எழுதிவைத்த விதி இல்லை, என் மனதுக்குச் சரியாகப் பட்ட தொகை.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி: சட்ஜிபிடி இரண்டு நிமிடத்தில் எழுதித் தருகிறதே, யாராவது ஒரு பிள்ளை பார்த்துத் திருத்தினால் போதாதா, அதற்கு 500 ரூபா கொடுக்கலாமே? அப்படித் திருத்த வந்த ஒரு கட்டுரையைச் சொல்கிறேன். கொழும்பில் சேமிப்புக் கணக்குத் திறப்பது எப்படி என்பது தலைப்பு. மூன்றாவது பந்தியில் "உங்கள் ஆதார் எண்ணைத் தயாராக வைத்திருங்கள்" என்றிருந்தது. ஆதார் இந்தியாவின் அடையாள எண், நம் தேசிய அடையாள அட்டை எங்கே போனதென்று தெரியவில்லை. ரூபா எல்லாம் ரூபாய், கிழமை எல்லாம் வாரம், திகதி எல்லாம் தேதி. வட்டிவீதம் எந்த வங்கியினுடையது என்று யாருக்கும் தெரியாது. மொழிநடை என்னவோ வழவழவென்று அழகாக இருந்தது, அதுதான் ஆபத்து, பிழை கண்ணில் தைக்காது. ஒவ்வொரு வரியையும் சரியா என்று தேடிப் பார்த்துத் திருத்த எனக்கு நாலு மணித்தியாலம் எடுத்தது. இயந்திரத்தைப் பாவிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாவித்தால், திருத்துபவருக்கு மணித்தியாலக் கணக்கில் கொடுங்கள். கட்டுரைக்கு இவ்வளவு என்று வைத்தால், அதில் எத்தனை ஆதார் எண் ஒளிந்திருக்கிறது என்பது விலை பேசும்போது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

தொகையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, காசு எப்போது கைக்கு வருகிறது என்பதைப் பேசாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். என் கதையைச் சொல்கிறேன். 2022 ஜனவரியில் கொழும்பில் ஒரு நிறுவனத்துக்குப் பத்துக் கட்டுரை எழுதினேன். பெயர் வேண்டாம். பேசிய விலை அன்றைக்கு நல்ல விலை. அப்போது டொலர் 200 ரூபா. மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள், மே மாதத்தில் டொலர் 360. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரன்ட் இல்லை. "கணக்குப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறது" என்ற பதில் மட்டும் மாதம் தவறாமல் வந்தது. காசு ஓகஸ்டில் வந்தது. ஒரு சதம் குறையாமல், பேசிய அதே தொகை. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்தை எட்டியது. ஜனவரியில் மாதச் சாமான் முழுக்க வாங்கக்கூடிய காசு அது. ஓகஸ்டில் காஸ் சிலிண்டரும் பால்மாவும் வாங்கியதும் மிச்சம் எண்ணுகிற அளவில்தான் இருந்தது. அவர்கள் என்னை ஏமாற்றவில்லை, பேசிய விலையை மாற்றவும் இல்லை, பிந்திக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அதனால் நான் எழுதுவிக்கும்போது இரண்டு விஷயத்தை முன்னமே எழுத்தில் சொல்லிவிடுவேன்: கட்டுரை கைக்கு வந்து 14 நாளுக்குள் காசு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலையைத் திரும்பப் பேசுவது. வாடிக்கையாளர் எனக்குத் தராவிட்டாலும் 14 நாள் என்றால் 14 நாள்தான். வாடிக்கையாளரின் கடனை எழுதுபவர் சுமக்க அவர் என்ன வங்கியா? நியூயோர்க் நகரத்தில் 2017இலிருந்து இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 800 டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், திகதி குறிப்பிடாவிட்டால் வேலை முடிந்து 30 நாளுக்குள் காசு கொடுக்கவேண்டும். நமக்கு அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஒரு வட்ஸ்அப் செய்தியில் திகதியை எழுதினாலே பாதிச் சண்டை ஒழியும். கையில் முதல் இல்லாமல் 14 நாள் முடியாதென்றால், விலையைக் குறைப்பதைவிட முன்கூட்டி 30 நாள் என்று சொல்லி, சொன்ன நாளில் கொடுப்பது மேல். என்னிடம் கேட்டால் 7,000 ரூபாவை ஒழுங்காகத் தருபவருக்கு எழுதுவேன், 9,000 ரூபாவை எப்போதாவது தருபவருக்கு எழுதமாட்டேன்.

மற்றச் சில்லறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். "மாதிரிக்கு ஒன்று எழுதித் தாங்கோ" என்று கேட்பது வழக்கம். கேட்கலாம், காசு கொடுத்துக் கேட்கவேண்டும், அரை விலையாவது. காசு கொடுக்காத மாதிரியை வாடிக்கையாளரின் தளத்தில் போட்டால் அதற்கு என்ன பெயர் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை திருத்தித் தருவது விலைக்குள் அடக்கம். வாடிக்கையாளர் மனம் மாறி "தங்கம் வேண்டாம், வெள்ளி பற்றி எழுதுங்கோ" என்றால் அது திருத்தம் இல்லை, இன்னொரு கட்டுரை. எழுதி முடித்த பிறகு உங்கள் பக்கக் காரணத்தால் வேண்டாம் என்றால் பாதியாவது கொடுங்கள்.

உரிமை பற்றி ஒன்று, இது உங்களுடைய பாதுகாப்புக்கு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் பொருளாதார உரிமை முதலாளிக்கு. வெளியிலிருந்து எழுதுபவர் உங்கள் ஊழியர் இல்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், இருவரும் கையெழுத்திட்டு இருக்கவேண்டும். ஒரு பக்கக் கடதாசி போதும். அதில் "முழுத் தொகையும் செலுத்தியதும் உரிமை மாறும்" என்ற ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டால் இரண்டு பக்கமும் நிம்மதி.

வரியும் உண்டு. ஒருவருக்கு மாதம் 100,000க்கு மேல் சேவைக் கட்டணம் கொடுத்தால் 5 வீதம் பிடித்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டவேண்டி வரலாம். பிடித்தால் அதற்கான சான்றிதழை அவரிடம் கொடுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வருடம் 18 லட்சம் வரை தனிநபர் வருமானத்துக்கு வரி விலக்கு இருப்பதால், பலர் அந்த 5 வீதத்தைத் திருப்பி எடுக்கலாம். சான்றிதழ் இல்லாவிட்டால் அது போனதுதான்.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதுவோரின் டொலர் விலையைப் பார்த்து நீங்கள் பயப்படவும் வேண்டாம், அவர்களைக் குறைசொல்லவும் வேண்டாம். ஃபைவர் என்ற இணைய வேலைச் சந்தையில் 20 வீதம் அந்தத் தளத்துக்கே போகும். காசை இங்கே கொண்டுவரும்போது இன்னும் கொஞ்சம் கழியும். ஆனாலும் அந்தச் சந்தை அங்கே இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். உங்களிடமிருந்து விலகிய பிள்ளை ஆங்கிலமும் எழுதுவார் என்றால் அவர் அங்கேதான் போயிருப்பார்.

கடைசியாக அந்த ஊர்க் கேள்வி. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வாடகை குறைவுதானே, கொஞ்சம் குறைத்தால் என்ன? மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். மடிக்கணினி, இணையம், காப்புறுதி, சேமலாப நிதிக்கு ஈடான காசு, இதில் எது யாழ்ப்பாணத்தில் மலிவு? வாடகை என்ற ஒரு வரியே அந்தக் கணக்கில் இல்லை. நகைக்கடை உங்களுக்குத் தரும் 5,000 எழுதியவரின் முகவரியைப் பார்த்து மாறுவதும் இல்லை. "வீட்டில் இருந்துதானே எழுதுகிறார்" என்று கலியாணமான பெண்களுக்குக் குறைப்பதும் இதே வகைதான். அவர்கள் வீட்டில் இருந்து எழுதுவதால் மேசையும் மின்விசிறியும் கரன்ட்டும் உங்களுக்கு மிச்சம். கணக்குப் பார்த்தால் நீங்கள்தான் அவருக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கவேண்டும்.

இந்த மாதமே எல்லாவற்றையும் மாற்றவேண்டாம். முதலில் மூன்று பேரிடமும், அடுத்த இரண்டு கட்டுரைக்கு வாசிக்க எவ்வளவு, எழுத எவ்வளவு, திருத்த எவ்வளவு என்று நேரத்தைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். விலையைக் கூட்டத்தான் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பயந்து குறைத்து எழுதுவார்கள். அந்தக் குறிப்புக் கைக்கு வந்ததும், விலகிய பிள்ளைக்கு ஒரு அழைப்பு எடுத்து, புதிய விலையைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு ஏதாவது பழைய பாக்கி இருந்தால் அழைப்பதற்கு முன்னமே அதை அனுப்பிவிடுங்கள்.